ஏறு, அன்றேல் விலகு
அமெரிக்க ஆகாயப்படையில் ஒரு விதி உண்டு. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேஜர் பதவிக்கு இருமுறை தேர்ந்தெடுக்கப்படாத காப்டன் பெரும்பாலும் படையைவிட்டு நீங்கவேண்டியதே. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. பின்னாளில் ஜனாதிபதியான ஐஸன்ஹோவரே, தரைப்படையில் 1924 முதல் 1936 வரை மேஜராகவே தேங்கிக் கிடந்தார். மேலிருப்போர் இடம்விடாவிடில் இளைஞர் ஏறுவதெங்ஙனம்?

ஆயினும் நாம் வினவுவது வேறு. பதவி உயருந்தோறும் விமானம் அகன்று மேஜை அணுகுகின்றது. (மேஜையிலேயே காலங்கழிக்கும் நமக்கு அதன் சுவை நன்கு தெரியும்!) பறத்தலொன்றையே விரும்பி, அதனைச் செவ்வனே செய்பவனை, ஏற விரும்பாமையால் இருக்கவும் ஆகாது என விலக்குவது நீதியாகுமோ? 2018க்கு முன் சேர்ந்தோர்க்கு, இருபதாண்டு நிறைந்தால் அடிப்படைச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி உபகாரச் சம்பளம். முன்னரே நீங்கினால் பொதுவாக அது இல்லை. குடும்பஸ்தன் என் செய்வான்? விரும்பாத நாற்காலியைத் தேடியலைகின்றான். அவனது கைத்திறனுக்குரிய ஊதியத்தை, அவன் இருக்குமிடத்திலேயே உயர்த்துவதற்கு என்ன தடை?