விலைபோகா வீடு

வாயிலிலே ஒரு பலகை. "இவ்வீடு விற்பனைக்கு" என்று அதிலே சிவப்பு எழுத்து. முதல் மழையில் சிவப்பு வெளுத்தது. இரண்டாம் மழையில் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் கரைந்தன. பலகை அழிந்தது, வீடு விலைபோகவில்லை.

ஏன் என்று வீட்டாரைக் கேளுங்கள், தரகர் சரியில்லை என்பர். தரகரைக் கேளுங்கள், சந்தை சரியில்லை என்பார். சோதிடரைக் கேளுங்கள், நேரம் சரியில்லை என்பார். வாஸ்து வல்லுநர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள், ஈசானிய மூலை சரியில்லை என்பார். ஆளுக்கொரு 'சரியில்லை'! நாம் சொன்ன விலை சரிதானா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஊரார் கதையை உரைக்க வரவில்லை, தோழர்களே! எம் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

குடந்தையில் எம் தந்தையார் 1994-இல் கட்டிய வீடு அது. கீழே மூன்று அறை, மேலே இரண்டு, பின்கட்டில் ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு மாமரம். தந்தையார் ஓய்வு பெற்றார். தங்கையின் படிப்புக் கடன் நின்றது. திருச்சிக்குக் குடிபெயர எண்ணினோம். வீட்டை விற்பதென முடிவாயிற்று. மூன்று தரகர்கள் வந்தனர். முதல்வர் பட்டாவைப் படித்தார், வில்லங்கச் சான்றைக் கேட்டார், மாடி ஏறிச் சென்று கூரையில் நீர்க்கசிவு உண்டா என்று பார்த்தார். "ஐயா, ஐம்பத்திரண்டு இலட்சம் எதிர்பார்க்கலாம்" என்றார். இரண்டாமவர் ஐம்பத்து நான்கு என்றார். மூன்றாமவர் மாடிப்படியை ஏறவேயில்லை. கூடத்தில் நின்றபடியே, "அறுபத்தைந்துக்குக் குறைந்து பேச்சே வேண்டாம் ஐயா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

யாரைத் தேர்ந்தோம்? மூன்றாமவரை!

பட்டம் பெற்றவர் நாம். பள்ளியிலே பிள்ளைகளுக்கு, "எவர் சொன்னாலும் ஏன் என்று கேள்" எனக் கற்பிப்பவர் நாம். அறுபத்தைந்து என்றவரிடம் 'ஏன்' என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. கேட்டால் அந்த இனிய எண் உதிர்ந்துவிடுமே என்ற அச்சம்! குறி சொல்பவளிடம் கை நீட்டுபவனும் இதே அச்சத்தோடுதான் நீட்டுகிறான். அவனைப் பார்த்து நகைக்கும் உரிமை அன்றே எமக்குப் போயிற்று.

மாதங்கள் ஓடின. முதல் மாதம் நான்கு குடும்பங்கள் வந்து பார்த்தன. மூன்றாம் மாதம் ஒருவர் விலை பேசினார்; "படியவில்லை" என்றார் தந்தையார். பிறகு வருவோர் அருகினர். தரகரை அழைத்தால் மணி அடிக்கும், எடுக்கமாட்டார். எடுத்தாலும், "ஆள் வருகிறது ஐயா" என்ற அதே பல்லவி. அம்மா வாயிலிலே பூசணிக்காய் கட்டினார். மாடிப்படி வடகிழக்கில் இருப்பதால்தான் தடை, இடித்துத் தெற்கே வைத்தால் தீரும் என்று ஒரு வாஸ்துக்காரர் உரைத்தார். படியை இடிக்கவொட்டாமல் தடுத்தோம். பூசணிக்காயைத் தடுக்க முடியவில்லை. பகுத்தறிவாளன் வீட்டிலும் பாதி வெற்றிதான் கிட்டுகிறது!

அப்போதுதான் சிந்திக்கத் தலைப்பட்டோம். விலை என்பது எங்கே இருக்கிறது? செங்கல்லிலா? செலவழித்த பணத்திலா? அல்லது, இந்த முற்றத்திலே தவழ்ந்தோமே, அந்த நினைவிலா?

ஆதாம் சுமித் 1776-இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வினாவை எழுப்பினார். உயிர் காக்கும் தண்ணீருக்கு விலையில்லை. உடம்புக்கு ஒன்றும் செய்யாத வைரத்துக்கோ பெருவிலை! பயன் வேறு, மாற்றுமதிப்பு வேறு என்று பிரித்துக் காட்டினார் அவர். நாம் வாழ்ந்தது பயன். அதை முப்பது ஆண்டுகள் நாமே நுகர்ந்து தீர்த்துவிட்டோம். அதற்கும் சேர்த்து, வாங்க வருபவரிடம் பணம் கேட்பது என்ன நியாயம்?

உடைமை நம் கண்ணை மறைக்கும் விதத்தை ஆய்ந்தே காட்டியிருக்கின்றனர். கானமன், நெட்சு, தாலர் என்னும் மூவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. மாணவர்களில் பாதிப்பேருக்கு ஆளுக்கொரு குவளை கொடுத்தனர். பிறகு, வைத்திருப்பவர் விற்கலாம், மற்றவர் வாங்கலாம் என்றனர். சில நிமிடமே கையிலிருந்த குவளைக்கு, வாங்குவோர் தர முன்வந்ததைப்போல் இருமடங்கு கேட்டனர் வைத்திருந்தோர்! சில நிமிடக் குவளைக்கே இப்படி என்றால், முப்பதாண்டு வீட்டுக்கு? பாசுடன் நகர வீடுகளை ஆராய்ந்து செனசோவும் மேயரும் 2001-இல் எழுதியதும் இதையே மெய்ப்பிக்கிறது. வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேரும் நிலையிலிருந்தோர் மற்றவரைவிடக் கூடுதல் விலை சொன்னார்கள். அவர்கள் வீடுகள் விற்க நெடுநாளும் பிடித்தன. வாங்குபவனுக்கு நம் பழைய செலவோடு என்ன உறவு?

"அரசின் வழிகாட்டி மதிப்பு இருக்கிறதே, அது உண்மை விலையில்லையா?" என்பார் சிலர். தமிழ்நாட்டில் 2017 சூன் திங்களில் அந்த மதிப்பை 33 விழுக்காடு குறைத்தனர். பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தினர். 2023 ஏப்பிரலில் பழைய மதிப்பை மீட்டுக் கட்டணத்தை 2 விழுக்காடாக்கினர். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிய அன்று எம் வீட்டுச் சுவர் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. அந்த எண் வரிக்கு வைத்த அளவுகோல், அவ்வளவே.

ஆகவே அக்கம்பக்கத்தில் கேட்ட விலையை விட்டுவிட்டு, விற்ற விலையை விசாரித்தோம். கேட்பதற்கு யாரும் கேட்கலாம். கொடுத்தவர் கணக்கே கணக்கு. மனைக்குத் தனி விலை, கட்டடத்துக்குத் தேய்மானம் போகத் தனி விலை என்று பிரித்தோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக வாங்குபவர் 9 விழுக்காடு கூடுதலாகச் சுமக்க வேண்டியிருப்பதையும் சேர்த்தோம். குடந்தை 2021-இல் மாநகராட்சி ஆயிற்றே, அதனால் விலை ஏறும் என்று நம்பியதைக் கழித்தோம். வந்த தொகை ஐம்பத்திரண்டைச் சுற்றியே நின்றது. மாடி ஏறிப் பார்த்தவர் சொன்ன அதே தொகை!

சரி, அறுபத்தைந்து என்றாரே தரகர், அவர் நோக்கமென்ன? அவருக்கு எம்மிடம் தரகு 2 விழுக்காடு. அறுபத்தைந்துக்கு விற்றால் அவருக்கு 1,30,000; ஐம்பத்திரண்டுக்கு விற்றால் 1,04,000. எமக்குப் பதின்மூன்று இலட்சம் வேறுபாடு; அவருக்கோ வெறும் 26,000. அதற்காக அவர் ஏன் ஓராண்டு அலைய வேண்டும்? முதலில் வீட்டைப் பிடி, பிறகு விலையை இடி - இதுதான் வித்தை. உரிமையாளர் களைத்து விழும்வரை காத்திருந்தால் போதும். இதற்கும் ஓர் ஆராய்ச்சி உண்டு. சிகாகோ வட்டாரத்தில் விற்ற ஏறத்தாழ ஓர் இலட்சம் வீடுகளை லெவிட்டும் சிவர்சனும் 2008-இல் ஆராய்ந்தனர். முகவர்கள் தம் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் பத்து நாள் கூடுதலாகப் பொறுத்திருந்து, ஏறத்தாழ 3.7 விழுக்காடு அதிக விலை பெற்றனராம்! பிறர் பொருளையும் தன் பொருளைப்போல் பேணுவதே வாணிகத்தின் இலக்கணம் என்று வள்ளுவர் நடுவுநிலைமையிலே வகுத்தார். அந்த இலக்கணத்துக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தொலைவைச் சிகாகோவில் விழுக்காட்டில் அளந்துவிட்டனர்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டம், பதிவான புதிய திட்டங்களை விற்கும் முகவர்களைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. தெருவிலுள்ள பழைய வீட்டை விற்பவர் அதிலே சிக்கமாட்டார். அவருக்குரியது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். தொழிலுக்குரிய திறமையோடு நடக்க வேண்டும் என்கிறது 212-ஆம் பிரிவு. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213. வேறு ஒப்பந்தம் இல்லையேல், வேலை முடிந்தாலன்றி ஊதியமில்லை என்கிறது 219. ஆனால் 212-இலே ஒரு வால் இருக்கிறது: அமர்த்தியவருக்கே முகவரின் திறமையின்மை தெரிந்திருந்தால் அந்தக் கடமை இல்லையாம்! மாடி ஏறாதவர் என்று தெரிந்துதானே அமர்த்தினோம்?

எனினும் 213-ஐ நம்பித் தரகரைத் தேடிப் போனோம். தேநீர்க் கடையிலே பிடித்தோம். "அண்ணே, இதுவரை யார் யார் வந்தார்கள், என்ன விலை கேட்டார்கள்? கணக்கைக் காட்டுங்கள்" என்றோம். முணுமுணுத்தார், பிறகு ஒரு குறிப்பேட்டை எடுத்தார். பதினொரு பெயர்கள். மூன்றாம் மாதத்துப் பெயருக்கு நேரே 54 என்று இருந்தது. வங்கி ஊழியர் ஒருவர்.

"ஐம்பத்து நான்கு! இது ஏன் முறிந்தது?"

தரகர் தேநீரைக் கீழே வைத்தார். "தம்பி, நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். 'நம்ம ஆட்களுக்கு மட்டும் காட்டு' என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாமல்தான் இவரை அழைத்து வந்தேன். விசாரித்துவிட்டு, விலை படியவில்லை என்று சொல்லச் சொன்னார். வருகிறவரில் முக்கால்வாசிப் பேரை வாசலிலேயே கழித்துவிட்டு, ஆள் வரவில்லை என்றால் நான் என்ன செய்ய?"

பதினைந்து மாதமாகச் சோம்பேறி என்று நாம் வைத அந்த மனிதர், எம் வீட்டு அழுக்கைத் தம் மடியிலே மறைத்துக்கொண்டிருந்தார்! அவர் செய்ததும் நேர்மையன்று. ஏற்கத்தகாத ஏவலை ஏற்றார். வந்தவரிடம் பொய்யும் சொன்னார். ஆயினும் ஏவியவர் யார்? சாதி ஒழிக என்று நாம் எழுதிய மேசை அதே வீட்டில்தான் இருந்தது.

ஐம்பத்து நான்கு இலட்சத்தை ஆறரை விழுக்காட்டு வட்டியில் வைத்திருந்தால் ஓராண்டுக்கு 3,51,000 ரூபாய். அதை எம் குடும்பம் சாதிக்குக் கட்டிய வரி என்று தந்தையாரிடம் கூறினோம். "தெரு என்ன சொல்லும்?" என்றார். திருச்சிக்குப் போகிறவருக்கு இந்தத் தெரு என்ன சொன்னால் என்ன! 1994-இல் இதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மனையைத் தமக்கு விற்க மறுத்தார்கள் என்ற கதையை நூறு முறை எமக்குச் சொன்னவரும் அவரே. அதை நினைவூட்டினோம். அன்றிரவு அவர் உண்ணவில்லை. அவர் வயதை எண்ணி நாமும் மேலே பேசவில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின்படி தகுந்த அறிவிப்பு வேண்டுமே; பதினைந்து நாள் தவணை வைத்து, அம்மூன்றாம் தரகருக்குக் கடிதம் கொடுத்து விலக்கினோம். விளம்பரத்துக்கு அவர் செலவழித்ததைக் கொடுத்துவிட்டோம். மாடி ஏறிப் பார்த்த முதலாமவரை அழைத்தோம். ஐம்பத்து மூன்று சொல்லலாம் என்று முடிவாயிற்று. "எல்லாருக்கும் காட்டலாமா ஐயா?" என்று கேட்டார் அவர். தொழில் பழகியவர், கேட்காமல் விடுவாரா? தந்தையார் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காட்டு" என்றார்.

ஏழாம் வாரம் ஐம்பத்தொன்றரை இலட்சத்துக்குக் கிரயம் முடிந்தது. வாங்கியவர் ஒரு செவிலியர். அவர் சாதி என்னவென்று எமக்குத் தெரியாது, தந்தையாரும் கேட்கவில்லை.

அந்த வங்கி ஊழியரைத் தேடிப் போனோம். வேறொரு தெருவில் வீடு வாங்கியிருந்தார். உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார். வந்த காரணத்தைச் சொல்லத் தடுமாறினோம். சொல்லி முடித்து மன்னிப்புக் கேட்டோம். "விலை படியவில்லை என்றுதான் சொன்னார்கள்" என்றார். பிறகு, "அதே விலைக்குச் சம்மதம் என்று மறுநாள் நான் தொலைபேசியில் சொன்னேனே, அறுபத்தைந்துக்கே, தெரியுமா?" என்றார்.