சாவி எவர் கையில்?

குஜராத் மாநிலத்து வாடினாரிலே பெரியதோர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. நயாரா எனும் நிறுவனத்துக்கு உரியது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு அதிலே பங்குண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. சில நாட்களில், அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்திற்று. ஆலை இங்கே, ஆட்கள் இங்கே, கட்டணமோ முன்னரே கட்டியாயிற்று! எனினும், எம் தரவை யாமே காண இயலவில்லை என்று முறையிட்டு, அந்நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. மாதம் முடியுமுன் சேவை மீண்டது. மீண்டது சேவை, மீளவில்லை நம் மன அமைதி!

தடை சரியா, தவறா என்பதன்று நம் கேள்வி. இந்நாட்டுச் சட்டம் விதிக்காத தண்டனை, இந்நாட்டு மண்ணில் நிறைவேறியது எங்ஙனம்? பூட்டு நம் வீட்டில். சாவி கடலுக்கு அப்பால்!

"பிறர் செய்ததைத் தொடாதே என்கிறீர்களா? அச்சுப்பொறி மேலைநாட்டார் தந்ததல்லவா?" என்பர் நண்பர். தந்ததுதான்! அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை. பெறுவதில் இழிவும் இல்லை. ஆனால், அச்சுப்பொறியை வாங்கினோம், பிரித்துப் பார்த்தோம், பழுது நீக்கக் கற்றோம், தமிழ் எழுத்தை வார்த்து அடுக்கினோம். விற்றவன் சினந்தால் அது நின்றுவிடவில்லை. இன்றைய மென்பொருளோ, பல இடங்களில் விற்கப்படுவதில்லை, நாள்தோறும் அனுமதிக்கப்படுகிறது. கருவியைக் கொள்வது அறிவு. அனுமதிக்குக் கைகட்டி நிற்பது அடிமைத்தனம்.

அங்ஙனமாயின், உள்நாட்டு முதலாளி விற்கும் மூடிய பெட்டி போதுமோ? போதாது! எசமானன் பெயர் மாறுவது விடுதலை ஆகாது. திறந்து பார்க்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளே வேண்டும். லினக்சை 1991-இல் தொடங்கியவர் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதனால் என்ன? கேரளம் அதனைத் தன் பள்ளிகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்துத் தனதாக்கிக் கொண்டது. எவரிடமும் இரந்து நிற்கவில்லை.

பாதை எளிதன்று. ஜெர்மனியின் மூனிக் நகரம் 2003-இல் லினக்சுக்கு மாறத் துணிந்தது. ஆயிரக்கணக்கான கணினிகளை மாற்றியது. 2017-இல் விண்டோசுக்கே திரும்ப முடிவெடுத்தது. கருவியை மாற்றுதல் சில்லாண்டு வேலை; பழக்கத்தை மாற்றுதல் தலைமுறை வேலை. அவ்வேலை தொடங்கவேண்டிய இடம் அலுவலகம் அன்று, பள்ளிக்கூடம்.

கணினியை இயக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். அதன் உள்ளே எட்டிப் பார்க்கத் துணியும் பிள்ளைகளை ஆக்குவோம். சாவி தானாக நம் கைக்கு வரும்!