கரையிறங்கியவனின் கண்

ஓர் ஊரில் ஆறு மணி நேரம் மட்டும் இருந்தவனுக்கு அந்த ஊரைப் பற்றிப் பேச உரிமை உண்டா? இதற்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: இல்லை. மண்ணில் வேரோடியவனின் சொல்லுக்குத்தான் நாம் மரியாதை தருகிறோம். வந்துபோகிறவன் மேலோட்டமானவன், அவன் எழுதுவது பயணக் கட்டுரை, அதாவது இலக்கியத்தின் திண்ணையில் மட்டும் உட்கார அனுமதிக்கப்பட்ட விஷயம். இது அவ்வளவு சுலபமாக வழங்கிவிடக்கூடிய தீர்ப்பு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

மத்தியதரைக் கடலில் ஓடும் உல்லாசக் கப்பல்களில் ஒரு விதி உண்டு. கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஊர் பார்க்கப் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தன்னிச்சையாக இறங்கி நடந்தவனுக்காகக் காத்திருக்காது. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நான் இரண்டாவது வகையைத் தேர்ந்தேன். பஸ்ஸில் ஏறியவர்கள் நிச்சயத்தை விலைகொடுத்து வாங்கியிருந்தார்கள். எனக்கோ ஒரு சிறு பயம் இலவசமாகக் கிடைத்தது. அந்தப் பயம் கண்ணைத் திறந்து வைக்கும். திரும்பி வர வேண்டியவன் என்பதால் ஒவ்வொரு முக்கையும், ஒவ்வொரு கடைப் பலகையையும், மாடிகளுக்கு நடுவே கொடியில் தொங்கிய துணிகளையும் அடையாளமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேரிடம் வழி கேட்டாயிற்று. அங்கே பார்க்க விரும்பியது ஒன்றைத்தான்: 1938இல் பாம்பேயின் இடிபாடுகளில் கிடைத்த, இந்தியாவில் செய்யப்பட்ட, ஒரு சாண் அளவு தந்தப் பெண். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் போனவள். லட்சுமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. அவளும் ஒரு துறைமுகத்தில் இறங்கி வந்தவள்தான். திரும்ப ஏறக் கப்பல் இல்லாமல் போனவள்.

இப்படி அவசரமாகப் பார்ப்பது மேல்நாட்டான் கொண்டுவந்த பழக்கம் என்று சொல்வதற்கில்லை. தாமிரவருணிக் கரையில் மார்கழி மாதத்தில் நவகைலாய பஸ் விடுகிறார்கள். பாபநாசத்தில் தொடங்கி சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்று ஒன்பது சன்னிதிகள், ஒரே பகலில். “அண்ணாச்சி, பத்து நிமிஷம்தான், செருப்பை வண்டியிலயே விட்டுட்டுப் போங்க” என்று கண்டக்டர் சத்தம் போடுவார். போனவர்கள் கோயிலைப் பார்க்கவில்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா? தரிசனத்தைக் கடிகாரத்தால் அளக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. திரை விலகி மூடுகிற நேரம் போதும். ஆக, நேரக் குறைவு ஒரு பார்வையைப் பொய்யாக்கிவிடுகிறது என்ற வாதம் நம் சம்பிரதாயத்துக்கே உடன்பாடானதல்ல.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கிரேக்க மொழியில் எழுதிய, பெயர் தெரியாத ஒரு வியாபாரியின் குறிப்பேடு இருக்கிறது: எரித்ரைக் கடலின் பெரிப்ளஸ். வந்து பார்த்தோ, வந்தவர்களிடம் கேட்டோ, அவர் கொற்கையைப் பற்றி எழுதியது ஒரு வரிக்கு மேல் இல்லை. அங்கே முத்துக்குளிப்பு நடக்கிறது, தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்துகிறார்கள் என்கிறார். நான் படித்த சங்கப் பாடல்களில் கொற்கை முத்தின் ஒளி உண்டு, துறையின் சிறப்பு உண்டு, பாண்டியனின் புகழ் உண்டு. நீருக்குள் மூழ்க வைக்கப்பட்டவன் தண்டனைக் கைதி என்ற செய்தி இல்லை. ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது சொல்லத்தக்க விஷயமாகப் படவில்லை. சரக்கு விலை விசாரிக்க வந்தவனின் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த ஒரு வரி இல்லையென்றால் அந்த மனிதர்கள் இருந்ததற்கே சாட்சி இல்லை. வேரோடியவனின் பார்வையில் எப்போதும் ஒரு பழக்கத்தின் திரை இருக்கிறது. அந்நியனிடம் அந்தத் திரை இல்லை என்பது அவனுடைய சாமர்த்தியம் அல்ல, அவன் நிலையின் இயல்பு.

அதனால் அந்நியன் எல்லாம் சத்தியவான் என்று ஆகிவிடாது. 1876இல் பெர்லினிலிருந்து ஃபெடோர் யாகோர் என்ற பயணி ஆதிச்சநல்லூருக்கு வந்தார். பறம்பைத் தோண்டி, தாழிகளையும் இரும்பையும் மண்பாண்டங்களையும் எடுத்து பெர்லினுக்குக் கொண்டுபோனார். அலெக்ஸாண்டர் ரே அங்கே முறையாக அகழ்ந்தது அதற்குப் பல வருஷங்கள் கழித்து, 1899க்கும் 1905க்கும் இடையில். யாகோரும் வந்துபோனவர்தான், கொற்கையைக் குறித்தவனும் அப்படித்தான். இருவரையும் பிரிப்பது என்ன?

தங்கிய காலம் அல்ல. யாகோர் தனியாக வரவில்லை. ஜில்லா அதிகாரிகளின் துணையோடு வந்தார். அவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. வழி கேட்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வழி கேட்கிறவன் அந்தக் கணத்தில் எதிரே நிற்பவனைவிடக் குறைந்தவன். தவறாகக் காட்டிவிட அவனால் முடியும், சிரிக்க முடியும், பேசாமல் போக முடியும். அதுவரை பார்க்கிறவனாக மட்டும் இருந்தவன் பார்க்கப்படுகிறவனாகவும் ஆகிறான். தனியே கரையிறங்குவதில் தார்மீகமாக ஏதாவது இருக்கிறதென்றால் இதுதான் இருக்கிறது. பஸ்ஸின் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவனுக்கும் கலெக்டரின் முகாமில் இருப்பவனுக்கும் இது வாய்ப்பதில்லை. ஊர் அவர்களுக்குக் காட்சிப் பொருளாகவே நின்றுவிடுகிறது.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. தனியே நடக்கிறேன் என்பவனும் அதே கப்பலில் வந்தவன்தானே? ஆயிரக்கணக்கானவர்களைக் காலையில் கொட்டி மாலையில் அள்ளிக்கொள்ளும் ஓர் எந்திரத்தின் உறுப்பு அவன். வெனிஸ் நகரம் தாங்காமல்தான் 2021இல் பெரிய கப்பல்கள் ஊரின் நடுக் கால்வாய் வழியே வருவது தடுக்கப்பட்டது. தவிரவும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் கப்பலிலேயே பணம் கட்டியாகிவிட்டது. வழிகாட்டிக்கும் கூலி இல்லை, பஸ்ஸுக்கும் கட்டணம் இல்லை. ஊரின் உப்பைத் தின்னாமல் ஊரைப் பார்த்துவிட்டு ஏறுகிறவனை என்ன சொல்வது? இந்த ஆட்சேபத்துக்கு முழு பதில் கிடையாது. அவன் அந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. குறைந்தபட்சம் அந்த ஊரில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடலாம், உப்பின் கடனையாவது ஏற்றுக்கொள்ளலாம். கடன் பட்டவனின் பேச்சில் தானாகவே ஓர் அடக்கம் வந்துவிடும்.

அந்த அடக்கத்தின் இலக்கணம் என்ன என்பதற்கு நமக்கு ஒரு முன்னோடி கிடைத்திருக்கிறார். எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில், பாரோக்களின் கல்லறைச் சுவர்களில், தமிழ் பிராமியில் கீறிய பெயர்களை 2026இல் ஆய்வாளர்கள் வாசித்துச் சொன்னார்கள். அவற்றில் சிகை கொற்றன் என்ற ஒருவர் தம் பெயரை எட்டு இடங்களில் கீறியிருக்கிறார். வந்தான், கண்டான் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. பிறர் கல்லறைச் சுவரில் கீறியது மரியாதையான காரியம் அல்ல. அங்கே ஈராயிரத்துக்கு மேல் கீறிய கிரேக்கர்களும் ரோமானியர்களும் செய்ததை அவரும் செய்தார். ஆனால் அவருடைய வாக்கியம் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஜூலியஸ் சீசர் வந்தேன், கண்டேன் என்பதோடு நிறுத்தவில்லை. மூன்றாவதாக ஒரு வினைச்சொல்லைச் சேர்த்துக்கொண்டார். ஆதிச்சநல்லூரில் யாகோர் செய்ததும் அந்த மூன்றாவது வினையைத்தான். வந்துபோகிறவனின் நேர்மை இரண்டாவது வினையோடு வாக்கியத்தை முடித்துக்கொள்வதில் இருக்கிறது. ‘அறிந்தேன்’ என்று நீட்டினாலும் அது வென்றேன் என்பதன் சாதுவான வடிவம்தான்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. பார்க்கப்படுகிற ஊருக்கும் ஒரு கடமை உண்டு. கொற்கை இப்போது துறைமுகம் அல்ல. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைச் சில மைல் தள்ளிவிட்டது. குளமும் வயலும் ஒரு பழைய வன்னி மரமும் உள்ள கிராமம். நாளை தூத்துக்குடியில் இறங்கும் ஒருவன் அங்கே போய்விட்டு, மேற்கே திரும்பித் திருநெல்வேலிக்கும் வருவான் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறையில் பத்து நிமிஷம் நிற்பான். தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுவான்: இந்த ஜனங்கள் தாய் என்று கும்பிடும் ஆற்றில்தான் தங்கள் சாக்கடையையும் விடுகிறார்கள்.

இவன் எத்தனை நாள் இருந்தான், இவனுக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்போம். கேட்கலாம். ஆனால் அந்த வரி உண்மையா என்பது வேறு கேள்வி. அதற்கு நாம் எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்பது பதிலாகாது.