கப்பலுக்கு நட்ட மரம்

போன வருஷம் ஆபீஸில் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "அண்ணா, இதை யாருக்காக எழுதினீங்க?"

'இது' என்பது பதினோராயிரம் வரி கோட். நான் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியது. எங்கள் கஸ்டமர்கள் பத்து நாட்டுக்குப் பரவுவார்கள், ஆளாளுக்கு ஒரு வடிவத்தில் தேதியும் தொகையும் அனுப்புவார்கள், அன்றைக்குத் திணறக் கூடாது என்று முன்கூட்டியே கட்டி வைத்தது. பத்து நாடு வரவில்லை. வந்த நாலும் கொஞ்ச காலத்தில் ஒரே பொது வடிவத்துக்கு மாறிவிட்டன. அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "பின்னாடி வரப்போறவங்களுக்கு" என்றேன். சொல்லும்போதே உறைத்தது, பின்னாடி வந்தவன் அவன்தான். அவனுக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்த சில வாரத்தில் வேலையாக மூன்று மாதம் எடின்பரோவில் இருக்க நேர்ந்தது. ஓர் அக்டோபர் சனிக்கிழமை ரயில் பிடித்து டங்கெல்டு என்ற சிற்றூருக்குப் போனேன். ரயிலடியிலிருந்து கொஞ்சம் நடந்து, டே நதியின் பாலத்தைத் தாண்டினால் பழைய தேவாலயம். அதன் பக்கத்தில் ஒரு லார்ச் மரம். 1738இல் டிரோல் மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்து நட்ட ஐந்து கன்றுகளில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். தாய் லார்ச் என்றே அதற்குப் பெயர். அந்த வட்டாரத்து மலைகளில் பின்னால் எழுந்த காடுகளுக்கு இந்த ஐந்தின் விதைகளும் ஒரு தொடக்கம்.

லார்ச்சைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது, அது தன் இனத்தின் வழக்கத்தை மீறுவது. பைன், ஸ்ப்ரூஸ் போல ஊசியிலை மரம்தான், கூம்பு காய்ப்பதுதான். ஆனால் இலையுதிர் காலத்தில் ஊசிகள் எல்லாம் பொன் நிறமாகி, முழுக்க உதிர்ந்துவிடும். குளிர்காலத்தில் முதல் தடவை பார்க்கிறவர் மரம் பட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்பார். அதன் பெயர்களும் இதைச் சுற்றியே வருகின்றன. ரஷ்ய மொழியில் லிஸ்த்வென்னித்ஸா, இலை என்ற சொல்லிலிருந்து வந்தது. சைபீரியாவில், அடியில் நிலம் ஆண்டு முழுக்க உறைந்து கிடக்கும் பெரும்பரப்பில், காடு என்றாலே இந்த மரம்தான். ஜப்பானியர் கராமட்சு என்கிறார்கள். 'இலை உதிரும் பைன்' என்று பொருள்படும் எழுத்துகளாலும் அதை எழுதுவதுண்டு. ஆங்கிலத்துக்கு இந்த மரமும் அந்நியம், பெயரும் அந்நியம். 16ஆம் நூற்றாண்டில் வில்லியம் டர்னர் என்ற தாவர அறிஞர் ஜெர்மன் சொல்லை எடுத்து 'லார்ச்' ஆக்கினார். ஜெர்மானியர் அதை லத்தீன் 'லாரிக்ஸ்' என்பதிலிருந்து எடுத்திருந்தார்கள். நமக்கு இதற்குப் பெயர் கிடையாது, ஊசியிலை மரம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

லத்தீனுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு கதை சொல்கிறார். ஆல்ப்ஸ் அருகே லாரிக்னம் என்ற கோட்டை ஜூலியஸ் சீசருக்குப் பணிய மறுத்தது. அதன் வாசலில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்டிய ஒரு மரக் கோபுரம். சீசரின் ஆட்கள் சுள்ளிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். தீ வானளவு எழுந்து அடங்கியபோது கோபுரம் அப்படியே நின்றது. ஊர் சரணடைந்த பிறகு சீசர் கேட்ட முதல் கேள்வி, இந்த மரம் எங்கே கிடைக்கிறது என்பதுதானாம். ஊரின் பெயரே மரத்துக்கு ஆனது என்கிறார் விட்ருவியஸ். ரோமின் அடுக்குமாடி வீடுகளின் கூரை விளிம்பில் இந்தப் பலகையை அடித்தால் தீ வீடு விட்டு வீடு தாவாது என்று சிபாரிசும் செய்கிறார். லார்ச் நன்றாகவே எரியும், பிசின் நிறைந்த மரம் அது. ஆனால் ஒரு பொருளைப் பற்றி ஒரு நல்ல கதை பிறந்துவிட்டால் அதை ஸ்பெசிபிகேஷனிலிருந்து எடுப்பது லேசல்ல. என் தொழிலிலும் அப்படித்தான்.

கதையை ஒதுக்கினாலும் மரம் உழைக்கும் மரம்தான். ஊசியிலை மரங்களில் கனமானது. வைரம் செம்பழுப்பாக இருக்கும், ஈரத்தையும் வெயிலையும் தாங்கும், பெயின்ட் அடிக்காமல் விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும். ஆல்ப்ஸ் கிராமங்களில் கூரைக்குச் சில்லோடு போல வேய்ந்தார்கள். வெனிஸ் நகரத்தின் அடியில் சேற்றில் இறங்கியிருக்கும் கழிகளில் ஓக், ஆல்டர் இவற்றோடு லார்ச்சும் உண்டு. காற்றுப் புகாத சேறு மரத்தை மக்க விடுவதில்லை. ஓவியர்கள் பயன்படுத்திய 'வெனிஸ் டர்பன்டைன்' லார்ச் பிசின்தான்.

டங்கெல்டு கதையின் நாயகர் அத்தோலின் நான்காவது டியூக், ஜான் மரே. 1774இல் பட்டத்துக்கு வந்தார், 1830இல் இறந்தார். இந்த இடைவெளியில் அவர் தன் மலைகளில் நட்ட லார்ச் மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல். மனதில் இருந்த முக்கியமான கணக்கு, கப்பற்படை. அப்போது பிரிட்டனின் அரசியலே மரத்தின் மேல்தான் மிதந்தது. நெல்சனின் 'விக்டரி' கப்பலுக்குச் சுமார் 6,000 மரங்கள், பெரும்பாலும் ஓக். ஓக் கப்பலுக்கு ஆக நூறு வருஷத்துக்கு மேல் வேண்டும். பால்டிக் கடலிலிருந்து வரும் மரத்தை நெப்போலியன் எப்போது மறிப்பான் என்று பயம். லார்ச் வெகு சீக்கிரம் வளரும், மோசமான மண்ணிலும் வரும். வருஷா வருஷம் ஊசிகள் உதிர்ந்து மண்ணாவதால் அடியில் புல்லும் நன்றாக வளர்கிறது என்று டியூக் வாதாடினார். 1820இல் 'அத்தோல்' என்ற போர்க்கப்பலை லார்ச்சிலேயே கட்டி இறக்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க பால்டிக் மரத்தில் இன்னொன்று. பால்டிக் கப்பல் பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 'அத்தோல்' ஏதோ ஒரு வேலையில் 1860கள் வரை இருந்தது. ஆக, அவர் கணித்தது சரி. மரம் தேர்ந்தது.

ஆனால் 1860இலேயே இரும்பு உடல் கொண்ட 'வாரியர்' கப்பல் தண்ணீரில் இறங்கிவிட்டது. டியூக் தன் கடைசிக் காலத்தில் நட்டவை அப்போது முப்பது, நாற்பது வயதுப் பிள்ளைகள். அவை தேறி நின்றபோது கப்பற்படைக்கு மரம் வேண்டியிருக்கவில்லை.

மரத்தைப் பற்றிய எல்லாக் கணிப்பும் பலித்து, மரத்துக்கு வெளியே இருந்த ஒன்று மாறிப்போயிற்று. இதை என்னவென்று சொல்வது? தவறா, துரதிர்ஷ்டமா?

என் தொழிலில் இதற்கு ரெடிமேடாக ஒரு பதில் இருக்கிறது. யாக்னி என்பார்கள். 'உனக்கு அது தேவைப்படப் போவதில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இன்றைக்குத் தேவையானதை மட்டும் கட்டு, நாளைக்கு வேண்டியதை நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம். நல்ல விதி. என்னைப் போன்றவர்களை எங்களிடமிருந்தே காப்பாற்றுவது. ஆனால் அது ஓசைப்படாமல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது: நாளைக்குக் கட்டிக்கொள்ள முடியும் என்பதை. எழுபது வயது மரத்தை நாளைக்கு நட முடியாது. எவ்வளவு காசு இருந்தாலும், எத்தனை பேரை வேலைக்கு எடுத்தாலும் முடியாது. டியூக்கிடம் போய் "தேவை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் அது புத்திசாலித்தனம் இல்லை, வெறும் கையைக் கழுவுவது. காலத்தால் மட்டுமே ஆகக்கூடிய ஒன்றை, தேவை தெரியாமல் இருக்கும்போதே தொடங்கியாக வேண்டும். இல்லையென்றால் தொடங்குவதே இல்லை. என் கோட் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு மாதத்தில் திரும்ப எழுதக்கூடியது. டியூக்கோடு என்னைச் சேர்த்துக்கொண்டு ஆறுதல் பட எனக்கு உரிமை இல்லை என்பது அந்த மரத்தடியில்தான் புரிந்தது, கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற சொல்லை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் உதாரணம் ஓவியர் கோகாங். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியத்துக்காகத் தீவுக்குப் போகிற ஒருவர். அவர் செய்தது நியாயமா என்பது அவர் பெரிய ஓவியர் ஆகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது, அதுவோ கிளம்பும்போது யாருக்கும் தெரியாது. நியாயம் பிறகு வந்து சேர்கிறது, அல்லது வராமலே போகிறது. கான்ட் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், எண்ணம் நல்லதென்றால் பலன் என்ன ஆனாலும் அதன் மதிப்பு குறையாது என்பார். நான் ரொம்ப நாள் கான்ட் பக்கம் இருந்தேன். "நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன்" என்பது எங்கள் மீட்டிங்குகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். இப்போது அந்த வாக்கியத்தின் மேல் எனக்குச் சந்தேகம். எண்ணம் நல்லது என்று சொல்லிவிட்டால், அந்தக் கோட்டைப் பராமரிக்க இன்னொருத்தன் செலவழித்த சாயங்காலங்கள் கணக்கில் வராமல் போய்விடுகின்றன.

டியூக் விஷயத்திலும் இந்த இன்னொருத்தர் உண்டு. ஒரு கோடியே நாற்பது லட்சம் மரம் நட தொலைநோக்கு மட்டும் போதாது, மலை மலையாக நிலம் ஒரே ஆள் பெயரில் இருக்க வேண்டும். கன்றைக் கூடையில் சுமந்து சரிவில் ஏறி நட்ட கூலியாட்களிடம் எதிர்காலத்தைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்க மாட்டார்கள். பார்வைக்கும் ஒரு விலை இருந்தது. லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் இதே காலத்தில் பரவிய லார்ச் தோப்புகளைக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வெறுத்தார், அந்த வட்டாரத்துக்கு எழுதிய வழிகாட்டி நூலில் வரிசை கட்டி நிற்கும் இந்த அந்நிய மரத்தைப் பற்றிக் கோபமாகவே எழுதியிருக்கிறார். எதிர்காலத்துக்கு என்று ஒன்றைச் செய்கிறவர், அந்த எதிர்காலத்தில் வாழப்போகிறவர்களின் கண்முன் எதை நிறுத்தப்போகிறோம் என்பதையும் அவர்களைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார். கேட்க வழியும் இல்லைதான்.

கப்பற்படைக்குப் போகாத லார்ச் என்ன ஆனது? வீணாகவில்லை. ஸ்காட்லாந்தில் தண்டவாளக் கட்டைகளாகவும், சுரங்கத்தில் முட்டுக்கட்டைகளாகவும், வேலிக் கம்பங்களாகவும் லார்ச் போயிற்று. மீன்பிடிப் படகுகளுக்கு ஓக் சட்டத்தின் மேல் லார்ச் பலகை அடிப்பது அங்கே வழக்கம். போர்க்கப்பல் ஆகாமல் மீன் படகு ஆனது என்று சந்தோஷமாக முடித்துவிடலாம். ஆனால் அது டியூக்கின் கணக்கில் சேராது. அவர் ரயிலுக்காக நடவில்லை.

1880களில் அவருடைய வாரிசு ஜப்பானிய லார்ச்சை டங்கெல்டுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானியதும் ஐரோப்பியதும் பக்கம் பக்கமாக நின்றதில், யாரும் திட்டமிடாமல், காற்றில் மகரந்தம் கலந்து ஒரு கலப்பினம் முளைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதைக் கவனித்தார்கள். டங்கெல்டு லார்ச் என்று பெயர். பெற்றோர் இரண்டையும்விட வேகமாக வளர்ந்தது, பிரிட்டன் முழுக்க நட்டார்கள். அந்த இடத்தில் நடந்த பெரிய வெற்றி என்று பார்த்தால் ஒருவேளை இதுதான், யாருமே உத்தேசிக்காதது.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 2009இல் இங்கிலாந்தின் தென்மேற்கில் ஜப்பானிய லார்ச் மரங்களில் ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்ற நோய்க்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. பூஞ்சை போன்றது, ஆனால் பூஞ்சை அல்ல. லார்ச்சின் ஊசிகளில் ஏராளமாகப் பெருகிக் காற்றிலும் மழையிலும் பரவும். கலப்பினமும் தப்பவில்லை. நோய் கண்ட இடத்தில் மரங்களை வெட்டச் சொல்லி உத்தரவு வரும். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் மலைச்சரிவுகளே மொட்டையாகிவிட்டன. இப்போது புதிதாக லார்ச் நட யோசிக்கிறார்கள். 1820இல் சரியாக இருந்து, 1860இல் தவறாகி, ரயில் வந்ததும் மறுபடி சரியாகி, இப்போது மறுபடி தவறு. எந்த வருஷத்தில் நின்று தீர்ப்பு சொல்வது? வில்லியம்ஸின் கோகாங்குக்கு ஒரு மரணமாவது இருக்கிறது, அங்கே நின்று திரும்பிப் பார்க்கலாம். காட்டுக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

மரத்தடியில் ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். காற்றடிக்கும்போதெல்லாம் பொன் நிற ஊசிகள் சட்டைக் காலருக்குள் விழுந்து அரித்துக்கொண்டே இருந்தன. ரயிலில் திரும்பி வரும்போது லேப்டாப்பைத் திறந்தேன். அந்தப் பையன் பதினோராயிரம் வரியையும் நீக்க அனுமதி கேட்டு ஒரு புல் ரிக்வெஸ்ட் போட்டிருந்தான், என் ஒப்புதலுக்காக அது ஒரு வாரமாகக் காத்திருந்தது. முழுக்கப் படித்தேன். கோட் இப்போது எனக்கே பிடிக்கவில்லை, அவ்வளவு சாமர்த்தியம் எதற்கு என்று தோன்றியது. கடைசியில் ஒரு டெஸ்ட் ஃபைல் இருந்தது. மூன்று வருஷத்தில் ஒவ்வொரு கஸ்டமரும் அனுப்பிய விசித்திரமான உள்ளீடுகள்: பதின்மூன்றாவது மாதம் போட்ட தேதி, கமாவுக்குப் பதில் காலி இடம் விட்ட தொகை, இரண்டு தடவை வரும் பிப்ரவரி 29. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ராத்திரி யாரோ போன் செய்து எங்களுக்குத் தெரியவந்தது. அவற்றை அனுப்பிய பழைய சிஸ்டங்கள் இப்போது இல்லை. கோட்டை ஒரு மாதத்தில் திரும்ப எழுதிவிடலாம். இந்தப் பட்டியலை எழுத முடியாது.

"மத்ததெல்லாம் எடுத்துடு, இந்த ஒரு ஃபைல் மட்டும் இருக்கட்டும்" என்று எழுதினேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. சனிக்கிழமை ராத்திரி, சென்னையில் பத்தரை மணி இருக்கும். "சரிண்ணா. எதுக்குன்னு மேலே ஒரு கமென்ட் போட்டுடுறீங்களா?"

பெர்த் தாண்டும்வரை யோசித்துப் பார்த்தேன். அப்புறம் எந்த உள்ளீடு எந்தத் தேதியில், எங்கிருந்து வந்தது என்று மட்டும் வரிசையாக எழுத ஆரம்பித்தேன்.