அரைக்கால் பங்கு



 

நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு கால், அரை, முக்காலோடு நிற்கவில்லை. அரைக்கால் என்றால் 1/8. மாகாணி 1/16. மா என்றால் 1/20, அரைமா என்றால் 1/40. ரமளானில் இரண்டரை சதவீதம் என்று நாம் செல்போனில் தட்டிப் பார்க்கிற ஜகாத்தை அவர்கள் அரைமா என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். இன்று மக்தப் பிள்ளைகளிடம் ஆறில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். எட்டு என்று பல குரல்கள் வரும். பிள்ளைகளை விடுங்கள், பாகப்பிரிவினைக்கு வந்து உட்காரும் பெரியவர்களும் அதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தொழுகைக்கு எத்தனை ரக்அத் என்று குர்ஆனில் இல்லை. ஜகாத் எவ்வளவு சதவீதம் என்றும் இல்லை. அவற்றை நபி (ஸல்) அவர்களின் வழிமுறையிலிருந்து எடுக்கிறோம். ஆனால் இறந்தவரின் சொத்து என்று வரும்போது, அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் அல்லாஹ்வே பின்னங்களை எண்ணிச் சொல்கிறான்: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. ஏன்? "நியாயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி விட்டிருக்கலாமே?

விடை உஹதுப் போருக்குப் பின் நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அந்தப் போரில் ஷஹீதானார்கள். அவர்களுக்கு ஒரு மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அன்றைய அரபு வழக்கப்படி, ஸஅதின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அந்தத் தாய் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பிள்ளைகளுக்கு 2/3, தாய்க்கு 1/8 கொடு, மீதி உனக்கு என்று தீர்ப்பளித்தார்கள்.

கூட்டிப் பாருங்கள். சொத்தை 24 பங்காக வைத்தால் பிள்ளைகளுக்கு 16, தாய்க்கு 3. சகோதரருக்கு மிஞ்சியது 5. காலையில் 24-ம் தன்னுடையது என்று இருந்தவருக்கு 5! அவர் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். அண்ணன் மனைவிக்குச் சாப்பாட்டுக்கு ஏதாவது கொடுத்தும் இருக்கலாம். ஆனால் அவர் கொடுத்தால் அது உபகாரம். எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் கொடுப்பவர் கையில். பின்னம் அப்படியல்ல, ஆள் மவுத்தான நிமிடமே அது இன்னாருடையது என்று ஆகிவிடுகிறது. கையில் வைத்திருப்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல.

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். மந்தைவெளியில் ஒரு ஃபிளாட், எல்லாம் சேர்த்து 120 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அத்தா மவுத்தாகிவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு அரைக்கால், அதாவது 15 லட்சம். மீதி 105 லட்சத்தை ஐந்தாக்கி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்றால், மகன்களுக்கு ஆளுக்கு 42, மகளுக்கு 21. (மகளுக்கு ஏன் ஒரு பங்கு என்பது தனி ஜும்ஆவுக்குரிய பேச்சு. அந்த ஒரு பங்காவது அவள் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே இன்றைய கவலை.)

நடைமுறையில் என்ன நடக்கிறது? "அம்மா எங்களோடுதானே இருக்கப் போறாங்க, அவங்களுக்கு எதுக்குத் தனியா" என்று 120-ஐயும் ஐந்தாக்கிவிடுகிறார்கள். மகன்களுக்கு 48, மகளுக்கு 24. அம்மாவின் 15 லட்சம் 6, 6, 3 என்று மூன்று பேர் வயிற்றுக்குள் போய்விட்டது. கவனியுங்கள், அண்ணன்மார் ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுகிற தங்கையும் இங்கே தாயின் மூன்று லட்சத்தைச் சாப்பிட்டிருக்கிறாள்.

அந்த வீட்டின் உள்ளறையில் அத்தாவைப் பெற்ற தாதியும் உயிரோடு இருந்தால்? பெரும்பாலும் அவரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இறந்தவருக்குப் பிள்ளைகள் இருக்கும்போது அவருடைய தாய்க்கு 1/6. அதாவது 20 லட்சம், மனைவியைவிட அதிகம். மீதி 85. மகன்களுக்கு 34, மகளுக்கு 17.

மூத்தவர் கேட்பார்: "பத்து வருஷம் அத்தாவை நான்தானே பார்த்தேன், எனக்கும் தம்பிக்கும் ஒரே பங்கா?" கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். சேவைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்ற பதில் உண்மைதான். ஆனால் அதை இளையவர் சொல்லும்போது கொஞ்சம் சௌகரியமாகத்தான் இருக்கிறது. அத்தாவுக்குக் கடனாகக் கொடுத்தது கடன்தான், அதைச் சாட்சியோடு எடுத்துக்கொள்ளலாம். அத்தாவும் உயிரோடு இருக்கும்போதே, மற்றப் பிள்ளைகளுக்கு அநீதி ஆகாமல், ஹிபாவாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஜனாஸா போன பிறகு யார் அதிகம் பாசம் வைத்தார் என்று அளக்கத் தொடங்கினால், சத்தமாகப் பேசுகிறவருக்கே சொத்துப் போகும்.

சில நேரம் பங்குகளைக் கூட்டினால் முழுமையைத் தாண்டும். மனைவி, இரண்டு மகள்கள், தாய், தகப்பன்: 3, 16, 4, 4. மொத்தம் 27, ஆனால் சொத்து 24 பங்குதான். அலி (ரலி) அவர்கள் மிம்பரில் இருந்தபோது இந்தக் கேள்வி வந்ததாகவும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அங்கேயே பதில் சொன்னதாகவும் அறிவிக்கப்படுகிறது. 24-க்குப் பதில் 27 பங்காக்கினால் 3/27, அதாவது 1/9. இதற்கு அவ்ல் என்று பெயர். உமர் (ரலி) காலத்தில் இத்தகைய வழக்கு முதலில் வந்தபோது தோழர்களிடம் ஆலோசித்து முடிவானது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தது. ஆனாலும் நான்கு மத்ஹபுகளும் இதையே எடுத்துக்கொண்டன. பற்றாக்குறை வந்தால் யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது.

ஊரில் இருக்கும் வயலுக்கு இது பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். 1937-ம் வருட ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது உண்மை. 1949-ல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே தஞ்சாவூர் நஞ்சையும் கணக்கில் வரும்.

விடுதலைப் பத்திரத்தில் தாயிடமோ சகோதரியிடமோ கையெழுத்து வாங்கப் போகிறவர்கள், முதலில் அவர்களுடைய பங்கு எத்தனை ரூபாய் என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் விருப்பம். அந்தத் தாளில் பின்னங்களுக்கு மேலே முதல் வரியாக, ஜனாஸா செலவும் கடன்களும் வஸிய்யத்தும் கழிய வேண்டும். அத்தா அம்மாவுக்கு இன்னும் கொடுக்காத மஹர் இருந்தால், அதுவும் அந்தக் கடன்களில் ஒன்று.