பத்தாவது புத்தகத்தில் நின்றவர்

தீபாவளிக்கு மறுநாள், ஈப்போவில் மாமா வீட்டில் முறுக்குத் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் ஒரு கதைப் புத்தகத்தில் வந்து நின்றது. நான் மாமாவைப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும், "உங்களுக்குப் பொறுமை பத்தல மாமா, அதான் பாதியில விட்டுட்டீங்க"ன்னு சொல்லிட்டேன். அவர் சிரிச்சார். ஆனா அதுக்கப்புறம் அவர் அதிகம் பேசல.

அந்தப் புத்தகம், ராபர்ட் ஜோர்டான் எழுதிய 'தி வீல் ஆஃப் டைம்'. ஒரு புத்தகம் இல்லை, பதினான்கு. முதலாவது 1990இல் வந்தது, கடைசி 2013இல். நடுவில் முன்கதையாக ஒன்று தனி. பெரும்பாலானவை செங்கல் கனம். காலம் ஒரு சக்கரம், யுகங்கள் வந்து போய் மறுபடியும் வரும், ஒரு காலத்தில் உலகத்தையே உடைத்தவன் மறுபிறவி எடுத்து அதே உலகத்தைக் காப்பாற்ற வருகிறான் என்பதுதான் கதையின் அடித்தளம். தேவார வகுப்பில் உட்கார்ந்து வளர்ந்த நமக்குக் காலச்சக்கரமும் மறுபிறவியும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. எனக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டிக்கிட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதைப் படிச்சவங்களுக்குள்ள ஒற்றுமையே கிடையாது. இதைவிடப் பெரிய கற்பனை உலகம் வேறு இல்லை என்பார்கள் சிலர். எட்டுல இருந்து பத்து வரைக்கும் கதை நகரவே இல்லை, பாத்திரங்கள் சட்டையை மாற்றுகிறார்கள், ஜடையை இழுக்கிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், அவ்வளவுதான் என்பார்கள் வேறு சிலர். கடைசி மூன்று புத்தகங்களை வேறொருவர் எழுதி முடித்ததால், மேட் என்கிற பாத்திரம் அங்கே பழைய மேட் மாதிரியே பேசலன்னு சண்டை போடுகிற கூட்டமும் உண்டு. (இதில் நான் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவன்.)

மாமா இந்தப் புத்தகங்களை வெளிவர வெளிவர வாங்கிப் படிச்சவர். 2003இல் பத்தாவது வந்தது. அதைப் படிச்சு முடிச்சு அலமாரியில் வெச்சார், அதோட சரி. எஸ்பிஎம் முடிஞ்ச கையோட அந்தப் பத்தும் பெட்டியோட எனக்கு வந்தது. மிச்சத்தை நானே வாங்கி எல்லாத்தையும் படிச்சு முடிச்சேன். அந்தத் திமிருதான் அன்னைக்கு முறுக்குத் தட்டு முன்னால பேசினது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அம்மா பிடிச்சாங்க. "யாரைப் பார்த்து பொறுமை இல்லன்னு சொன்ன? பாட்டி படுத்த படுக்கையா இருந்தப்ப ஆறு வருஷம் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி விட்டது யாருன்னு தெரியுமா?" பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது 2003இல். அப்போ நான் கைக்குழந்தை. எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பாதியில் விட்டுப் போகிறவனைப் பொறுமையில்லாதவன் என்று சொல்ல முடித்தவனுக்கு உரிமை இருக்கா? இதைத்தான் யோசிச்சுக்கிட்டே கிடந்தேன்.

நான் பத்தாவது புத்தகத்தைப் படித்த விதத்தை நினைச்சுப் பார்த்தேன். ஒன்பதாவதின் முடிவில் பெரிய சம்பவம் ஒன்று. மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக விஷம் கலந்து கிடந்த ஒரு சக்தியைக் கதாநாயகன் ரேண்ட் சுத்தம் செய்கிறான். அடுத்து என்ன ஆகுமோ என்று பத்தாவதைத் திறந்தால், அந்தச் சம்பவம் நடந்துகொண்டிருந்தபோது மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே பெரும் பகுதி. எனக்கும் அலுப்புத்தான். ஆனா செமஸ்டர் லீவில் நாலே நாளில் அதைத் தாண்டிட்டேன், ஐந்தாம் நாள் பதினொன்றாவது கையில். மாமாவுக்கு ஒன்பதாவது கிடைத்தது 2000இல். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, ஹார்ட்கவருக்கு அன்றைய சம்பளத்தில் ஒரு துண்டைக் கொடுத்து வாங்கிப் பார்த்தால், கதை நின்ற இடத்திலேயே நிற்குது. நாங்க ரெண்டு பேரும் படித்தது ஒரே எழுத்துதான், ஆனா ஒரே புத்தகம் இல்லை.

இன்னொன்றும் இருக்கு. பதினான்கோடு முடியுது என்று எனக்கு முதல் நாளே தெரியும். முடிவு தெரிஞ்சு காத்திருக்கிறதுக்குப் பொறுமை என்று பெயர் வைக்கலாமா? பஸ் ஏழு மணிக்கு வரும் என்று தெரிந்தவன் ஸ்டாப்பில் நிற்பது வேறு, வருமா வராதா என்றே தெரியாதவன் நிற்பது வேறு.

எங்கள் கோர்ஸில் பொறியியல் பொருளாதாரம் என்று ஒரு பாடம் உண்டு. ஏற்கெனவே செலவான காசை மூழ்கிப் போன செலவாக ஒதுக்கிவிட்டு, இனி போடப் போகும் காசையும் இனி கிடைக்கப் போகும் பலனையும் மட்டும் பார்த்து முடிவெடு என்று அதில் சொல்லித் தருவார்கள். அந்தக் கணக்குப்படி சரியான இன்ஜினியர் மாமாதான். ஒன்பது படிச்சாச்சு, பத்தையும் முடிச்சாகணும் என்று பல்லைக் கடிச்ச நான்தான் பரீட்சையில் தோற்றவன். விடாமுயற்சி என்று நாம் பெருமையாகச் சொல்வதில் எத்தனை பங்கு வெறும் பற்று?

ஆனா விட்டுப் போனவர்கள் எல்லாரும் மாமா மாதிரி சும்மா புத்தகத்தை மூடி வைக்கவில்லை. ஜோர்டான் காசுக்காக இழுக்கிறார் என்று திட்டினவர்கள் நிறைய. அவர் எழுதி முடிக்காமலே செத்துப்போவார் என்று கேலி பேசினவர்களும் இருந்தார்கள். ஜோர்டானும் நம்ம துறைக்குப் பக்கத்து ஆள்தான். இயற்பியல் படித்து, அமெரிக்கக் கடற்படைக்கு அணுசக்திப் பொறியாளராக வேலை செய்தவர். அதற்கு முன் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் இருந்து சுட்ட சிப்பாய். 2006இல் தனக்கு அமிலாய்டோசிஸ் என்கிற அரிய நோய் வந்திருப்பதைச் சொன்னார். 2007 செப்டம்பர் 16இல், 58 வயதில், கதை முடியும் முன்பே இறந்து போனார். படுக்கையில் கிடந்த காலத்திலும் மிச்சக் கதையைக் குறிப்புகளாகவும் பேச்சாகவும் விட்டுச் சென்றார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹேரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து முடிக்க வைத்தார். ஒரே புத்தகம் என்று ஆரம்பித்தது மூன்றாக வளர்ந்தது.

கேலி பேசினவங்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? பத்தாவது புத்தகம் மெதுவா இருக்குன்னு சொன்னது தப்பே இல்லை. அது உண்மை. அவர் செத்த பிறகும் உண்மைதான். புத்தகத்தை எடை போட வாசகனுக்கு முழு உரிமை உண்டு. ஆனா எழுதினவரோட ஆயுளில் எனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு கணக்குப் போட்டதுதான் கோணல். மாமாவிடம் நான் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு புத்தகத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டை எடுத்து, அந்த மனுஷனோட குணத்துக்கே மார்க் போட்டேன்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்ப உறுத்தின பாத்திரம் இஷமாயேல் என்கிற வில்லன். அவனுக்குப் பணமோ ராஜ்யமோ வேண்டாம். திரும்பத் திரும்பப் பிறந்து அதே சண்டையைப் போடுவது அவனுக்கு அலுத்துவிட்டது. சக்கரம் நின்றால் போதும். 'இனிப் பிறவி வேண்டாம்' என்று கோயிலில் நாம் உருகிக் கேட்பதைப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. நம் அடியார் கேட்பது இறைவன் திருவடியை, இவன் கேட்பது வெறும் சூன்யத்தை என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இது முழுசான பதிலான்னு இன்னும் தெரியல. பன்னிரண்டாவது புத்தகத்தின் கடைசியில் ரேண்டும் ஒரு மலை உச்சியில் நின்று, எதுக்கு மறுபடி மறுபடி என்று அதே கேள்வியைக் கேட்கிறான். அவனுக்குக் கிடைக்கிற பதில், போன தடவை செய்த பிழையைத் திருத்தி மறுபடியும் அன்பு செய்ய ஒரு வாய்ப்பு என்பது. மாமா அந்த இடத்துக்கு வரவே இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த வாரம் அவர் வேலை விஷயமா கே.எல். வந்தார், என்னையும் ஹாஸ்டலில் விடுவதாகச் சொல்லிக் கூட்டிட்டு வந்தார். கோப்பெங் தாண்டினதும் மன்னிப்புக் கேட்டேன். பாட்டியைப் பற்றி அம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் கையை ஆட்டினார்.

"பாட்டியக் காரணம் சொல்லாத தம்பி. அவங்க நல்லா இருந்திருந்தாலும் விட்டிருப்பேன். புத்தகம் நல்லா இல்ல, அவ்வளவுதான்."

அப்புறம் ரொம்ப நேரம் ரேடியோ மட்டும் ஓடிச்சு. தாப்பா சைன்போர்டு தெரிஞ்சப்ப, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பெரினோட பொண்டாட்டி... எட்டாவதுல தூக்கிட்டுப் போனாங்களே. பத்து முடிஞ்சும் தேடிக்கிட்டே இருந்தான். கெடச்சாளா?"

"கெடச்சிட்டா மாமா. பதினொன்னாவதுலேயே."

"அடுத்த புத்தகத்துலேயேவா?"

"ஆமா."

அவர் ஒன்னும் சொல்லல. ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சார். "சரி, எப்படிக் கெடச்சா? மெதுவா சொல்லு. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு."