தலையெழுத்தும் அதைப் படிக்கும் விதமும்

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தரையிலிருந்து எழ முயலும்போது, முதலில் கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்கால்களைப் பற்றி, அதன்பின் தொடைகளைப் பற்றி, தன் தேகத்தின்மீது தானே ஏறுகிறவனைப்போல் மெல்ல மெல்ல நிமிர்வதையும், அவனுடைய கெண்டைக்கால்கள் வயதுக்கு மீறிப் பருத்திருப்பதையும் கண்ட வைத்தியர், சோதனைக்கு முன்பே நோயின் பெயரை ஊகித்துவிடுவார். 1860-களில் டூஷேன் என்ற பிரெஞ்சு வைத்தியர் விரிவாக வருணித்த தசைச்சிதைவு நோய் அது. ஏறக்குறைய ஆண் குழந்தைகளை மட்டுமே பற்றி, 12 வயதை ஒட்டி நடையைப் பறித்து, பிறகு கைகளையும் மூச்சையும் இருதயத்தையும் தொடுகிறது. பெயரைக் கேட்ட தாய், மருந்து உண்டா என்று கேட்பதற்கு முன்பே, 'நான் என்ன பாவம் செய்தேன்?' என்று கேட்டுவிடுகிறாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை வைத்திய சாஸ்திரத்துக்கு இல்லை, சமயத்துக்கு உண்டு. சமயத்தின் பெயரால் உறவினர் சொல்லும் விடையோ பெரும்பாலும் கொடியதாக இருக்கிறது.

கொடுமை இருமடங்காவதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்நோய்க்குக் காரணமான, டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை ஆக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பழுதுபட்ட பிரதி மகனுக்குத் தாயின் வழியாகவே வருகிறது. 'உன் வயிற்றிலிருந்துதானே வந்தது' என்று சொல்லத் துணிகிற நாவுக்கு விஞ்ஞானமே சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. ஆனால் அச்சாட்சியை முழுவதும் கேட்பவர் எத்தனை பேர்? நோயுற்ற சிறுவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம் இப்பழுது தாயின் தேகத்தில் இல்லாமலேயே புதிதாகத் தோன்றியது. மனித மரபணுக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று இது; இருபது லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளும் எக்ஸான் எனப்படும் 79 செய்தித் துண்டுகளும் கொண்டது. இவ்வளவு நீண்ட ஏட்டை உயிரணு பிரதி எடுக்கும்போது ஓரிடத்தில் வரி விட்டுப்போவதற்கு ஒருவருடைய குற்றமும் தேவையில்லை. தாயிடமே பழுது இருந்தாலும், அவள் அதைத் தேடிக்கொண்டவளும் அல்லள், தெரிந்து கொடுத்தவளும் அல்லள்.

'தலையெழுத்தை அழித்து எழுத முடியுமா?' என்று நம்மவர் பெருமூச்சு விடுவது வழக்கம். இந்நோயின் விஷயத்தில் அச்சொல்லை நான் மிகுந்த கவனத்துடன் யோசிக்கிறேன். ஏனெனில் இங்கே எழுத்து என்பது உவமை மட்டும் அன்று. உயிரணு மரபணுவின் செய்தியை மும்மூன்று எழுத்துகளாகக் கூட்டிப் படிக்கிறது. 'மரம் கடல் பழம் நகம்' என்று இடைவெளியின்றி எழுதப்பட்ட வரியை மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கிறோம் என்று கொள்வோம். 'கடல்' என்பதிலுள்ள டகரம் ஒன்று உதிர்ந்தால், 'மரம், கல்ப, ழம்ந, கம்' என்று அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் பொருளற்றுப் போகிறது. 'கடல்' முழுவதுமே போய்விட்டாலோ, 'மரம், பழம், நகம்' என்று எஞ்சியவை நிலைத்து நிற்கின்றன. சிறிய இழப்பு பேரழிவாகவும், பெரிய இழப்பு தாங்கத்தக்கதாகவும் இருப்பதற்கு இதுவே காரணம் என்று 1988-ல் மொனாகோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் விளக்கினார்கள். டிஸ்ட்ரோஃபினில் ஏறத்தாழ பாதியே (46 சதவீதம்) இல்லாத ஒருவர் 61 வயதிலும் நடந்துகொண்டிருந்ததை 1990-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது. இதைப் படித்த நாள் என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது.

ஆன்டிசென்ஸ் ஒலிகோநியூக்ளியோடைடு என்று நீளமாக வழங்கும் மருந்து வகை இந்த நுட்பத்தைப் பற்றிக்கொண்டு பிறந்தது. அது மரபணுவைத் திருத்துவதில்லை. மரபணுவிலிருந்து எடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. நகலில் குறிப்பிட்ட ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, உயிரணு ஓர் எக்ஸானைக் காணாமல் தாண்டிச் செல்லும்படி அதை மறைத்துவிடுகிறது. வரியின் குழப்பம் தீர்ந்து, குறுகியதானாலும் வேலை செய்யக்கூடிய புரதம் சிறிது பிறக்கிறது. மூல ஏடு இருந்தபடியே இருப்பதால், வாரந்தோறும் நரம்பு வழியாக மருந்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலையெழுத்து அழிவதில்லை, படிக்கும் விதம் மாறுகிறது.

ஆயின், இப்படி மாற்றுவது கர்ம நியதியில் தலையிடுவதாகாதா என்று ஆஸ்திகர் சிலர் ஐயுறக்கூடும். வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. அதைப் பேசும் இலக்கணத்தைப்பற்றியே எனக்கு வழக்கு. அது தன்மையில் பேசத் தக்க கொள்கை. 'என் துன்பத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன்' என்று ஒருவன் சொல்லும்போது அது அவனை நிமிர்த்துகிறது. அதையே முன்னிலையாக்கி, 'உன் மகனின் துன்பம் உன் வினை' என்று அயலான் சொல்லும்போது, தத்துவம் வசையாகிவிடுகிறது. மனிதன் அனுபவிக்கும் வேதனை அனைத்தும் முற்செயலின் விளைவா என்று சீவகன் என்னும் பரிவிராஜகன் வினவியபோது, பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல் முதலிய காரணங்களை எண்ணி, எட்டில் ஒன்றாகவே வினையைப் புத்தர் வைத்தார் என்பது சம்யுத்த நிகாயம் தரும் செய்தி. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவரா என்று சீடர் கேட்டதற்கு, இருவரும் அல்லர் என்று இயேசு விடையளித்ததாக யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுகிறது. வள்ளுவர்கூட ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பெரியோர் எவரும் துன்புறுவோனின் முகத்தெதிரே கணக்கேட்டைப் பிரித்துக் காட்டியதாக நான் அறியேன்.

பழியிலிருந்து விடுபட்ட உள்ளம் உடனே அற்புதத்தை நாடி ஓடுவதும் இயல்பே. அதற்கும் எச்சரிக்கை வேண்டும். மேற்சொன்ன வகையைச் சேர்ந்த எடெப்ளிர்சென் என்ற மருந்தைப்பற்றி 2016 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் ஆலோசனைக் குழுவைக் கூட்டியபோது, சக்கர நாற்காலிகளில் வந்த சிறுவர்களும் பெற்றோரும் மணிக்கணக்கில் பேசினார்கள். ஆதாரமாக முன்வைக்கப்பட்ட சோதனையில் இருந்தவர்கள் 12 பேர். 180 வாரச் சிகிச்சைக்குப் பின் அவர்களுடைய தசையில் காணப்பட்ட டிஸ்ட்ரோஃபின், இயல்பான அளவில் சராசரியாக நூற்றில் ஒரு பங்கை எட்டவில்லை. துரித அனுமதிக்கு அடிப்படையான கேள்வியில் குழு 7-க்கு 6 என்று எதிராக வாக்களித்தது. ஆயினும் செப்டம்பர் 19-ந் தேதி நிர்வாகம் அனுமதி வழங்கியது. ஐரோப்பிய மருந்து நிறுவனமோ 2018-ல் மறுத்தது. என் மனம் பெற்றோர் பக்கம் சாய்கிறது. என் புத்தி, எதிர்த்து வாக்களித்த எழுவரைக் குறைகூற மறுக்கிறது. நம்பிக்கையை ஆதாரமாக ஏற்றுக்கொண்டால், அடுத்த மருந்தின் நன்மையை அறியும் வழியே அடைபட்டுப்போகும் என்று அவர்கள் அஞ்சியது நியாயமான அச்சம்.

51-வது எக்ஸானைத் தாண்டச் செய்யும் அந்த மருந்து, இந்நோயுள்ளோரில் நூற்றுக்குப் 13 பேருக்கே பொருந்தும். 53-க்கும் 45-க்கும் உரியவை பின்னர் வந்தன. மரபணுச் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, 'என் பிள்ளைக்கு எந்த எக்ஸான்?' என்று கேட்கும் தாய்மார் இப்போது இருக்கிறார்கள். சிலருக்கு வரும் விடை, அந்த எண்ணுக்கு உரிய மருந்து இன்னும் இல்லை என்பதுதான்.